அசல் எது? பழைய மின் கிற்றார்களும் மாற்றப்பட்ட பிக்கப்களும்

2019 ஜூன் 20 ஆம் திகதி நியூயோர்க் நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், கறுப்பு நிற மின் கிற்றார் ஒன்று 39 இலட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. பிங்க் ஃபுளொயிட் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. அன்றைய நிலையில் ஏலத்தில் கிற்றார் ஒன்றுக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலை அதுவேயாகும். செய்தி நிறுவனங்கள் அத்தொகையைத் தலைப்பாக்கின. ஆனால், அச்செய்திகளுள் புதைந்து கிடந்த வேறொரு விடயமே என் கவனத்தை ஈர்த்தது. அந்தக் கிற்றாரில் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்தவற்றுள் எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. கழுத்து பல தடவைகள் மாற்றப்பட்டிருந்தது. முகத்தட்டு வேறு. பாலத்தினருகே உள்ள பிக்கப்பும் வேறு.

பழைய கிற்றார்களைச் சேகரிப்போரின் சந்தையை ஓரளவேனும் அறிந்தவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். ஏனெனில் அச்சந்தையின் முதல் விதி, 'எதையும் தொடாதே' என்பதாகும். மேற்பூச்சு புதிதாகப் பூசப்பட்டிருந்தால் விலை ஏறக்குறைய அரைவாசியாகிவிடும் என்பது அங்கு பொதுவான கணக்கு. உள்ளே ஒரு பற்றாசு மூட்டு கலைக்கப்பட்டிருந்தாலே வாங்க வந்தவர் புருவத்தை உயர்த்துவார். அவ்வாறாயின், கலைத்தும் வெட்டியும் மாற்றியும் வந்த ஒரு கருவி எவ்வாறு அந்தச் சந்தையின் உச்சிக்கு ஏறியது? இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு மின் கிற்றாரின் உள்ளே கிடக்கும் ஒரு சிறு காந்தச் சுருளின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் இசைக்கலைஞன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன். எழுதியவரின் கையெழுத்துப் பிரதிக்கும் அச்சில் வந்த கட்டுரைக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பதை ஆராயும் பழக்கம் அத்தொழில் தந்தது. அந்தப் பழக்கத்தின் காரணமாகவே இந்த விடயத்திலும் ஆர்வம் ஏற்பட்டது என்று கூறலாம்.

எங்கள் ஊரில் பிக்கப் என்றால் பின்புறம் திறந்த சிறு பாரவண்டியே நினைவுக்கு வரும். கிற்றாரில் அச்சொல் குறிப்பது தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் உறுப்பை. அதன் தத்துவம் எளிமையானது. ஒரு காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான தடவைகள் சுற்றப்பட்டிருக்கும். அதன் மேலாக உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் குலைகிறது; அந்தக் குலைவு சுருளில் சிறியதொரு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831 ஆம் ஆண்டில் மைக்கல் ஃபரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. அந்தச் சிறு மின்னோட்டம் ஒலிபெருக்கிக்குச் சென்று பேரொலியாகிறது. ஆகவே மின் கிற்றாரில் பிக்கப் என்பது வெறும் உதிரிப்பாகமன்று. மரம் கருவியின் உடல் என்றால் பிக்கப்பே அதன் குரல்வளை.

இதனைச் செயலில் காட்டியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் போஷாம். மேடையில் மற்றைய வாத்தியங்களின் இரைச்சலில் கிற்றாரின் ஒலி அமுங்கிப்போவதே அக்காலக் கலைஞர்களின் பெருங்கவலையாக இருந்தது. துணிதுவைக்கும் இயந்திரமொன்றின் மோட்டாரைக் கொண்டு போஷாம் தமது முதற் சுருள்களைச் சுற்றியதாகக் கூறப்படுகிறது. இரண்டு குதிரைலாடக் காந்தங்களுக்கு நடுவே தந்திகளைச் செலுத்தி அவர் அமைத்த கருவி, அடோல்ஃப் றிக்கன்பக்கரின் துணையுடன் 1932 இல் விற்பனைக்கு வந்தது. பொரிக்கும் தாச்சியின் தோற்றம் கொண்டிருந்தமையால் அதற்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. 1934 இல் விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமை 1937 இலேயே கிடைத்தது. இதுவும் ஒரு வாத்தியமா என்ற ஐயம் அதிகாரிகளுக்கு இருந்ததாகவும், ஹவாய் இசைக் கலைஞர்களை வொஷிங்டனுக்கு அனுப்பி வாசித்துக் காட்ட வேண்டியிருந்ததாகவும் ஒரு கதை உண்டு.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்புக்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. தந்தியின் அதிர்வை ஏற்கும் சுருள், அறையில் உள்ள மின்விளக்குகளினதும் மின்மாற்றிகளினதும் இரைச்சலையும் சேர்த்தே ஏற்கும். அமெரிக்காவில் வினாடிக்கு 60 தடவையும் எங்கள் நாட்டில் 50 தடவையும் திசைமாறும் மின்னோட்டத்தின் ரீங்காரம் அது. கிப்சன் நிறுவனம் 1946 இல் அறிமுகப்படுத்திய பி-90 பிக்கப்பிலும், லியோ ஃபெண்டர் 1950 களின் தொடக்கத்தில் செய்த கிற்றார்களிலும் இந்த ரீங்காரம் கூடவே வந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையாகப் பேசப்படுபவர் சேத் லவர். கிப்சன் நிறுவனத்தில் ஒலிபெருக்கிகளின் வேலையில் ஈடுபட்டிருந்த மின்னணுவியலாளர் அவர். ஒலிபெருக்கியின் மின்வழங்கலில் இரைச்சலைத் தணிக்கும் சுருள்களைக் கையாண்ட அனுபவத்திலிருந்து அவருக்கு அந்த யோசனை பிறந்தது. ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்கள். ஒன்றில் காந்தத்தின் வடமுனை, மற்றதில் தென்முனை. இரண்டும் மின்னளவில் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் அதிர்வோ, காந்தமுனைகளும் எதிரெதிராக இருப்பதனால், இரண்டிலும் ஒரே திசையில் எழுந்து கூடிவிடும். 'ஹம்பக்கர்' என்று இது பெயர்பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் றே பட்ஸ் என்பவரும் இதே தத்துவத்தில் கிறெச் நிறுவனத்துக்காக ஒரு பிக்கப்பை ஆக்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சேத் லவர் 1955 ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 இலிருந்து கிப்சனின் லெஸ் போல் கிற்றார்களில் இப்பிக்கப்கள் பொருத்தப்பட்டன. காப்புரிமை நிலுவையில் இருந்தமையால், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளுடைய ஆங்கில வாசகத்தைக் கொண்ட ஒரு சின்னஞ்சிறு கறுப்பு ஒட்டுத்தாள் அவற்றின் அடியில் ஒட்டப்பட்டது. அந்த வாசகத்தின் முதலெழுத்துகளே இன்று உலகெங்கும் வழங்கும் 'பி.ஏ.எஃப்.' என்ற பெயர். காப்புரிமை 1959 ஜூலையில் கிடைத்த பின்னரும் 1962 அளவில்தான் ஒட்டுத்தாள் மாறியது. அப்போதும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. புதிய ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்ட 2,737,842 என்ற இலக்கம் இந்தப் பிக்கப்புக்கு உரியதன்று; லெஸ் போல் பெற்ற, தந்திகளைத் தாங்கும் ஓர் உறுப்புக்கான காப்புரிமையின் இலக்கம் அது. போட்டியாளரைத் திசைதிருப்பவே அவ்வாறு செய்தனர் என்போரும் உளர். அச்சுப்பிழை போன்ற ஒரு தவறு என்போரும் உளர். எப்படியாயினும், பிழையான இலக்கம் கொண்ட அந்தத் துண்டுத்தாளும் இன்று விலைமதிப்புள்ள சான்றாகிவிட்டது.

இனி இந்தப் பிக்கப்களின் உள்ளீட்டைச் சற்று நோக்குவோம். ஒவ்வொரு சுருளிலும் தலைமயிரளவு மெல்லிய, எனாமல் பூசிய செப்புக் கம்பி ஏறத்தாழ 5,000 சுற்றுகள் சுற்றப்பட்டது. 'ஏறத்தாழ' என்ற சொல்லை இங்கே அழுத்தியே கூறவேண்டியுள்ளது. ஆரம்ப காலச் சுற்றும் இயந்திரங்கள் குறித்த எண்ணிக்கையில் தாமாகவே நின்றுவிடுபவை அல்ல. ஒரு சுருளில் சுற்று கூடும், மற்றதில் குறையும். காந்தங்களும், அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியன இரும்புடன் கலந்த அல்னிகோ வகையில், கைக்கு எட்டிய தரத்தில் பயன்படுத்தப்பட்டன. கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுப்பட்ட வேளையில் வெண்மஞ்சள் நிறத்தில் சுருட்சட்டங்கள் வார்க்கப்பட்டன. இதன் விளைவாக எந்த இரண்டு பி.ஏ.எஃப். பிக்கப்களும் ஒரேமாதிரி ஒலிப்பதில்லை. சிறந்தவை மிகச் சிறந்தவையாக அமைந்தன. ஏனையவை சாதாரணமாக அமைந்தன. இன்று மாயவித்தையெனப் போற்றப்படும் ஒலியின் ஒரு பகுதி, அக்காலத் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக் குறைவினால் விளைந்தது என்பதே உண்மை.

ஃபெண்டரின் தொழிற்சாலையிலும் நிலைமை இதையொத்தது. அங்கு கம்பியைக் கையால் வழிநடத்திச் சுருள் சுற்றிய பெண் தொழிலாளர்களின் விரலழுத்தம் ஒலியில் பதிந்தது. 1956 இல் அங்கு வேலைக்குச் சேர்ந்து, 2013 இல் ஓய்வுபெற்ற அபிகெய்ல் இபாராவின் பெயர் இன்று கிற்றார் உலகில் மரியாதையுடன் உச்சரிக்கப்படுகிறது. 1960 களின் நடுப்பகுதியைச் சேர்ந்த சில பிக்கப்களின் அடிப்புறத்தில் செய்த திகதி கையால் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பெயர் வெளியில் வராத ஒரு தொழிலாளியின் கையெழுத்து அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மூடியின் கீழ் காத்திருக்கிறது.

இத்தகைய கருவிகள் அவை பிறந்த காலத்தில் பெரிதாகப் போற்றப்படவில்லை. சூரிய அத்தமன நிறம் பூசிய லெஸ் போல் கிற்றார்கள் 1958 முதல் 1960 வரை சுமார் 1,500 மாத்திரமே செய்யப்பட்டன. விற்பனை போதாமையால் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. 1966 இல் ஜோன் மேயோலின் புளூஸ்பிறேக்கர்ஸ் குழுவுடன் எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு வெளிவந்த பின்னரே நிலைமை மாறியது. கிளாப்டன் பயன்படுத்திய அந்த லெஸ் போல் அதே ஆண்டில் திருடப்பட்டது. இற்றைவரை அது திரும்பவில்லை. ஆனால் அதன் ஒலியைத் தேடிய இளைஞர்கள் அடகுக்கடைகளிலும் பழைய பொருட் கடைகளிலும் அதே வகைக் கிற்றார்களைத் துருவத் தொடங்கினர். தேவை பெருகியதைக் கண்ட கிப்சன் 1968 இல் லெஸ் போல் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது.

இக்காலத்திலேயே கிற்றாரின் உள்ளுறுப்புகளை மாற்றும் வழக்கமும் வலுப்பெற்றது. முதலில், பிக்கப்பின் நிக்கல் மூடியைக் கழற்றி எறிந்தனர். மூடியில்லாவிடின் ஒலி சற்றுக் கூர்மையாகும் என்பது நம்பிக்கை. அடுத்து, பிக்கப்பையே மாற்றினர். ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளி ஒலியைச் சிதையச் செய்வதே றொக் இசையின் மொழியாகியிருந்தது. அதற்குப் பழைய பிக்கப்களின் வலு போதவில்லை. 1972 இல் லரி டிமார்சியோ ஆற்றல்மிக்க செராமிக் காந்தத்தைக் கொண்டு செய்த 'சுப்பர் டிஸ்டோர்ஷன்' என்ற பிக்கப், எந்தக் கிப்சன் கிற்றாரிலும் அப்படியே பொருந்தக்கூடியதாக விற்பனைக்கு வந்தது. 1976 இல் சீமோர் டங்கன் கலிபோர்னியாவில் தமது நிறுவனத்தை ஆரம்பித்தார். மாற்றுப் பிக்கப் என்பது ஒரு தொழிற்றுறையாகவே உருவெடுத்தது.

அன்று பிக்கப் மாற்றியவர்களை இன்றைய கண்கொண்டு குற்றவாளிகளாக்குவது நியாயமாகாது. அவர்கள் கையில் இருந்தவை அரும்பொருள்கள் அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைமையான தொழிற்கருவிகள். தச்சர் தமது உளிக்குப் புதுப்பிடி போடுவதைப் போன்றதே அது. அந்தத் துணிச்சல் இல்லையேல் பல புதிய ஒலிகள் பிறந்திருக்கவே மாட்டா. எடி வான் ஹேலன் மலிவான உடலையும் கழுத்தையும் வாங்கி, ஒரு கிப்சன் கிற்றாரிலிருந்து கழற்றிய பி.ஏ.எஃப். பிக்கப்பை அதில் பொருத்தி, தாமே பூச்சடித்து உருவாக்கிய கிற்றாரே 1978 இல் வெளிவந்த அவரது குழுவின் முதல் இசைத்தட்டில் ஒலித்தது. 2019 இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருட் காட்சியகம் அதனைக் காட்சிக்கு வைத்தது.

ஆயினும் இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. கழற்றப்பட்ட பழைய பிக்கப்கள் எங்கே போயின? சில மேசை இலாச்சிகளில் உறங்கின. பல குப்பைக்குப் போயின. பி-90 பிக்கப்கள் பொருத்தப்பட்டிருந்த 1950 களின் தொடக்ககால லெஸ் போல் கிற்றார்கள் பலவற்றின் மரம், ஹம்பக்கர் பொருந்துவதற்காகக் கடைந்து அகலமாக்கப்பட்டது. பற்றாசை உருக்கிக் கழற்றியதை மீண்டும் பொருத்திவிடலாம். கடைந்தெடுத்த மரத்தை மீண்டும் வளர்க்க முடியாது.

சந்தை உயர்ந்தபோது அநியாயம் வேறொரு திசையிலிருந்து வந்தது. இன்று ஒரேயொரு அசல் பி.ஏ.எஃப். பிக்கப் ஆயிரக்கணக்கான டொலர் பெறுகிறது. ஆகவே, அதே காலத்தில் செய்யப்பட்ட, ஆனால் குறைவாக மதிக்கப்படும் ஜாஸ் கிற்றார்களிலிருந்து பிக்கப்களைப் பிடுங்கி, விலையுயர்ந்த லெஸ் போல் ஒன்றின் வெற்றிடத்தை நிரப்பும் வழக்கம் தோன்றியது. ஒன்றை 'அசலாக்க' மற்றொன்று அசலிழந்தது. போலி ஒட்டுத்தாள்களும் சந்தைக்கு வந்தன. மேசைக்கு வந்த ஆவணம் மெய்யா பொய்யா என்று பத்திரிகையாளன் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் போல, கிற்றார் வாங்குபவரும் ஒட்டுத்தாளின் எழுத்தமைப்பையும் சுருட்சட்டத்தின் வார்ப்புக் குறிகளையும் உருப்பெருக்கியால் ஆராய வேண்டியதாயிற்று.

இங்கேதான் பற்றாசின் முக்கியத்துவம் வெளிப்படுகிறது. பழைய கிற்றாரின் பின்மூடியைத் திறந்தால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகிகளின் முதுகில் பிக்கப்பிலிருந்து வரும் பின்னற் கம்பி பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகியில் ஓர் இலக்கத் தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்த நிறுவனத்தைச் சுட்டும். கடைசி இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அவற்றுக்கு முன்னுள்ளவை ஆண்டையும் சுட்டும். 1345918 என்று இருந்தால், சென்ட்ரலாப் நிறுவனம் 1959 ஆம் ஆண்டின் 18 ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கருவி எப்போது கட்டப்பட்டது என்பதற்கு உள்ளேயே கிடக்கும் சாட்சி இது. ஒரு முறை உருக்கப்பட்ட பற்றாசு, எவ்வளவு நேர்த்தியாக மீண்டும் வைக்கப்பட்டாலும், தொழிற்சாலைப் பற்றாசாக மாறாது. ஆதலால் தொடப்படாத மூட்டு என்பது, 'இந்தப் பிக்கப் இந்தக் கிற்றாருடனேயே பிறந்தது' என்பதற்கான முத்திரை.

அந்த முத்திரை வணிகருக்கு மாத்திரம் வேண்டியதன்று. 1980 அளவில் கிப்சன் நிறுவனமே தனது பழைய பிக்கப்பை மீளச் செய்ய முனைந்தது. தன் சொந்தப் படைப்பை மீட்பதற்கு, எஞ்சியிருந்த பழைய பிக்கப்களையே அது ஆராய வேண்டியிருந்தது. 1982 இல் பழைய மாதிரிகளை மீள வெளியிடத் தொடங்கிய ஃபெண்டரும் பழைய கருவிகளையே அளந்தது. குப்பைக்குப் போகாமல் தப்பிய சுருள்களே பிற்காலத்தவருக்குப் பாடநூலாயின.

இவ்வளவையும் நான் துருவிப் படித்தமைக்கு ஒரு காரணமுண்டு. ரொறன்ரோவில் வாழும் என் வாசகர் ஒருவர் சில காலத்துக்கு முன்னர் ஒரு வினா விடுத்திருந்தார். 1960 களில் செய்யப்பட்ட ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் அவரிடம் உண்டு. வெளிநாடு வந்த தொடக்க ஆண்டுகளில், இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியது. நடுப் பிக்கப் ஊமையாகிவிட்டது. திருத்துபவர் ஒருவர், மூன்றையும் கழற்றிவிட்டுப் புதியவை போடுவதே சிக்கனம் என்று ஆலோசனை கூறினாராம். மூத்த மகன் கருவியை வாசிக்க விரும்புகிறான். இளைய மகன் அது விலைமதிப்புள்ள சொத்து, கைவைக்கக் கூடாது என்கிறான். "ஐயா, இந்த வழக்கில் நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டிருந்தார்.

அவருடைய வினாவுக்கு விடைகாண முயன்றபோது மூன்று கிற்றார்களின் கதைகள் எனக்கு உதவின.

முதலாவது, பீற்றர் கிறீன் வாசித்த 1959 ஆம் ஆண்டு லெஸ் போல். ஃபிளீட்வூட் மக் குழுவின் நிறுவுநரான அவர், கழுத்தருகே உள்ள பிக்கப்பைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினார். பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அதன் காந்தமும் தலைகீழாக இருப்பது தெரியவந்தது. இரு பிக்கப்களையும் ஒருசேர ஒலிக்கச் செய்யும்போது அவற்றின் அலைகள் ஓரளவுக்கு ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. மூக்கால் அழுவது போன்றதொரு மெலிந்த, ஏக்கமான ஒலி பிறக்கிறது. கணக்குப்படி அது குறைபாடு. ஆனால் அக்குறைபாடே அக்கருவியின் அடையாளமாயிற்று. 1970 களின் தொடக்கத்தில் அது கரி மூரிடம் சென்றது. 2006 இல் அவர் அதை விற்றார். 2014 இலிருந்து மெட்டாலிக்கா குழுவின் கேர்க் ஹமெற்றிடம் உள்ளது. இந்த மூவருள் எவரும் அந்தக் காந்தத்தை 'நேராக்க' முனையவில்லை. அதை நேராக்கியிருந்தால் ஒரு சராசரி லெஸ் போலின் ஒலியே மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, ஜெஃப் பெக் வாசித்த 1954 ஆம் ஆண்டு லெஸ் போல். பொன்னிறப் பூச்சுடனும் பி-90 பிக்கப்களுடனும் பிறந்த அக்கிற்றார், 1972 இல் மெம்ஃபிஸ் நகரில் அவர் கைக்கு வருமுன்னரே கருஞ்சிவப்பாகப் பூசப்பட்டு, ஹம்பக்கர்களும் பொருத்தப்பட்டிருந்தது. சேகரிப்பாளரின் விதிகளின்படி இரண்டு பாவங்களும் அதில் உண்டு. ஆயினும் 1975 இல் வெளிவந்த அவரது 'புளோ பை புளோ' இசைத்தட்டின் அட்டையில் அது இடம்பெற்றது. அவர் 2023 இல் காலமான பின்னர், 2025 ஜனவரியில் லண்டனில் நடந்த ஏலத்தில் 10 இலட்சம் பவுணுக்கும் மேலான விலைக்கு அது விற்கப்பட்டது.

மூன்றாவது, தொடக்கத்தில் குறிப்பிட்ட கில்மோரின் கறுப்புக் கிற்றார். 1970 இல் நியூயோர்க்கின் மனிஸ் கடையில் அவர் அதை வாங்கினார். 1973 இல் அதன் உடலில் ஒரு கிப்சன் ஹம்பக்கர் செருகப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. 1976 இல் பாலத்தருகே டிமார்சியோ பிக்கப் வந்தது. 1979 இல் அதன் இடத்தைச் சீமோர் டங்கன் சுற்றிய பிக்கப் பிடித்தது. 'த வோல்' இசைத்தட்டின் புகழ்பெற்ற கிற்றார்ப் பகுதிகள் பிறந்தது அந்நிலையிலேயே. இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், எந்த ஆண்டில் எந்தப் பிக்கப், எந்தக் கழுத்து, எந்தப் பதிவு என்பவையெல்லாம் அவரது கருவிகளுக்குப் பொறுப்பாயிருந்தவரால் ஒரு நூலாகவே எழுதிவைக்கப்பட்டுள்ளன. அதே ஏலத்தில், கில்மோரிடமிருந்த 0001 என்ற இலக்கமுடைய 1954 ஆம் ஆண்டு வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் 18 இலட்சத்து 15 ஆயிரம் டொலரே பெற்றது. சேகரிப்பாளர் கனவு காணும் இலக்கத்தை, திரும்பத் திரும்ப மாற்றப்பட்ட கிற்றார் இரு மடங்குக்கு மேலாக வென்றுவிட்டது.

ஆகவே சந்தை தன் விதியை மீறியதா? இல்லை என்பதே என் கருத்து. அது இரண்டு சந்தர்ப்பங்களிலும் ஒரே பொருளுக்கே விலை கொடுத்தது. அப்பொருளின் பெயர் சான்று. பெயரறியாத ஒருவர் வைத்திருந்த பழைய கிற்றார் எதற்குச் சான்று? அது பிறந்த தொழிற்சாலையின் வேலைத்திறனுக்கு. அதன் பிக்கப்பை மாற்றினால் அந்தச் சான்று அழிகிறது; ஈடாக எதுவும் கிடைப்பதில்லை. கில்மோரின் கிற்றார் எதற்குச் சான்று? ஒரு கலைஞர் தமது ஒலியைத் தேடிச் சென்ற பாதைக்கு. அங்கு மாற்றங்களே வரலாறு. ஒவ்வொன்றுக்கும் திகதியுண்டு, காரணமுண்டு, கேட்பதற்கு இசைத்தட்டும் உண்டு.

இதைவிடப் பழைய சாட்சியமொன்றும் இருக்கிறது. இத்தாலியின் கிறெமோனா நகரில் அன்ரோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களை இன்று உலகம் கோடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்குகிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றின் கழுத்து, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து படிப்படியாக மாற்றப்பட்டது. பெரிய மண்டபங்களுக்கு ஏற்பக் கூடுதல் ஒலி வேண்டியிருந்தது. கழுத்தை நீளமாக்கிச் சாய்த்துப் பொருத்தினர். உள்ளே மந்தர ஒலியைத் தாங்கும் சட்டத்தைப் பெரிதாக்கினர். ஒலி போதவில்லை என்ற அதே காரணம், ஈராயிரம் இருக்கைகளுக்கான மண்டபத்திலும் ஒலிபெருக்கி மேடையிலும் ஒன்றுபோலவே செயற்பட்டிருக்கிறது. இன்று ஸ்ட்ராடிவாரி வயலினை வாங்குபவர் எவரும் 'கழுத்து அசலா?' என்று கேட்டு விலையை அரைவாசியாக்குவதில்லை. அதேவேளை, ஃபுளோரன்ஸ் நகரின் காட்சியகத்தில் உள்ள, 1690 இல் மெடிச்சி குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட வியோலா ஒன்று ஏறத்தாழ மாற்றமின்றித் தப்பியிருக்கிறது. பழைய கழுத்து எவ்வாறு அமைந்திருந்தது என்று அறிய விரும்புவோர் அதனிடமே போகவேண்டியுள்ளது. மாற்றப்பட்டவை இசைக்கு வாழ்வளித்தன. மாற்றப்படாத ஒன்று அறிவுக்கு வாழ்வளித்தது. இரண்டும் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

இந்த நோக்கிலேயே ரொறன்ரோ வாசகருக்கு நான் பதில் எழுதினேன். மூத்தவனும் சரி, இளையவனும் சரி. பிழையானது திருத்துபவரின் ஆலோசனை மாத்திரமே. ஒரு பிக்கப் ஊமையானதற்காக நன்றாக ஒலிக்கும் மற்ற இரண்டையும் கழற்ற வேண்டிய தேவை எதுவுமில்லை. பழைய ஃபெண்டர் பிக்கப்களில் வியர்வையும் ஈரமும் காந்தத்தில் துருவை உண்டாக்க, அதனை ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி அறுந்துபோவது அடிக்கடி நிகழ்வது. முதலில், அறுந்திருப்பது வெளியே வரும் இணைப்பா, சுருளின் உட்புறமா என்பதை ஓர் ஓம்மானியால் அளந்து பார்க்க வேண்டும். வெளி இணைப்பென்றால் ஒரு துளிப் பற்றாசு போதும். உட்புறமென்றால், அதே காந்தங்களையும் அதே அடித்தட்டையும் வைத்துக்கொண்டு புதுக் கம்பி சுற்றித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். மீளச் சுற்றியதால் விலையில் ஒரு பகுதி குறையும். ஆனால் அடியில் எழுதப்பட்ட கையெழுத்து அழியாது, குரலும் திரும்பிவரும்.

மகன் வேறொரு ஒலியை விரும்பினால் அதற்கும் வழியுண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப்களும் திருகிகளும் கொள்ளளவியும் முகத்தட்டிலேயே பொருத்தப்பட்டுள்ளன. இரண்டு மூன்று கம்பிகளை மாத்திரம் பிரித்து அந்தத் தட்டை முழுமையாகக் கழற்றி, உட்புற மூட்டுகள் குலையாமல் ஒரு பெட்டியில் வைத்துவிடலாம். புதிய பிக்கப்களுடன் வேறொரு தட்டைப் பொருத்தி அவன் விரும்பியபடி வாசிக்கலாம். ஆனால் மரத்தில் உளி படக்கூடாது. திரும்பிவர முடிந்த மாற்றத்துக்கும் திரும்பிவர முடியாத மாற்றத்துக்கும் இடையே உள்ள எல்லை அதுதான்.

இறுதியாக அவரிடம் வற்புறுத்திய ஒரு விடயத்தை எல்லா வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டையும் படமெடுங்கள். கழற்றியதை எறியாதீர்கள். எந்த நாளில், யாரால், எதற்காக எது மாற்றப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இரவு வேலை செய்து வாங்கிய கதையையும் அதில் சேர்த்து எழுதுங்கள். ஏலக்காரர் அதற்கு விலை போடாதிருக்கலாம். ஆனால் புகழ்பெற்றவர்களின் கிற்றார்கள் தம் மாற்றங்களையும் கடந்து மதிப்புப் பெற்றது, அவற்றின் கதையை யாரோ ஒருவர் எழுதிவைத்தமையாலேயே. அந்த வசதி புகழில்லாதவர்களுக்கும் உண்டு. ஒரு தாளும் பேனாவும் போதும்.